கல்லின் வயது கோயிலின் வயதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்தோலிக்கப் பங்குத் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பிரிவு) திருவிழாச் செய்தி எதுவானாலும் ‘ஐந்நூறு ஆண்டுப் பழமையான ஆலயம்’ என்ற வரி வந்துவிடுகிறது. எதன் வயது அது? பங்கின் வயதா, கல்வெட்டின் வயதா, நிற்கிற கட்டடத்தின் வயதா?

காட்டுக் கோயில் என்று சனங்கள் சொல்லும் மயிலாப்பூர் லஸ் கோயிலையே பாருங்கள். அதன் போர்த்துக்கீசியக் கல்வெட்டு 1516 என்கிறது. போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறையை வந்து பார்த்ததோ 1517-ல்; அங்கே திருப்பணியில் இறங்கியது 1523 வாக்கில். அதனால்தான் ஆய்வாளர்கள் அந்த ஆண்டை அப்படியே ஏற்கத் தயங்குகிறார்கள். சாந்தோமில் இந்தக் குழப்பமே வேண்டாம். போர்த்துக்கீசியர் கட்டிய பழைய கோயிலை இடித்துவிட்டு 1893-ல் தொடங்கி 1896-ல் புனிதப்படுத்தித் திறந்ததுதான் இன்று நாம் பார்க்கும் கோத்திக் பேராலயம். வேளாங்கண்ணி தனிப் பங்கானது 1771-ல். கோயில் அதற்கு முந்தியது.

பங்கின் வயதை அறிய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஆனால் கையில் இருக்கும் முதல் ஏடே தொடக்கம் என்று நினைத்தால் தவறு. பழைய ஏடுகளைக் கரையான் தின்றிருக்கும். பங்கு பிரிவதற்கு முந்தைய ஞானஸ்நானங்கள் தாய்ப்பங்கின் ஏட்டில் கிடக்கும். இரண்டையும் ஒப்பிடாமல் ஆண்டு சொல்லக் கூடாது. மணியில் வார்த்திருக்கும் ஆண்டு மணிக்கு மட்டுமே உரியது; வேறு கோயிலிலிருந்து வந்த மணியாகவும் இருக்கலாம். ஓட்டின் அடியிலுள்ள தொழிற்சாலை முத்திரையும் அப்படித்தான், கூரை மாற்றிய காலத்தைத்தான் காட்டும்.

கட்டடத்தின் உண்மையான சாட்சி சுவர். பீடப் பகுதியும் நடுச்சாலையும் (சனங்கள் கூடும் நீண்ட நடுக்கூடம்) வெவ்வேறு காலத்தவை என்றால், சேர்ந்த இடத்தில் செங்கல் அளவு மாறும், நேர்க்கோடாக ஒரு இணைப்பு தெரியும். திருவிழாவுக்கு முந்தைய மாதம் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசும்போது அந்தச் சாட்சி மறைந்துபோகிறது. பூச்சும் நிற்பதில்லை. சுண்ணாம்புச் சுவரில் ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியேற வழியில்லை. கடலோரத்தில் உப்பு உள்ளேயே படிகமாகி, சில ஆண்டுகளில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். பிறகு, ‘பழைய சுவர், அதான்’ என்று சுவர்மீதே பழி.

பழுது பார்ப்பதானால் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் போதும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகிய பின்பே அடுத்தது, அவசரப்படுத்தினால் வெடிக்கும். கொத்துவதற்கு முன் நான்கு சுவர்களையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அந்தப் படங்களைப் பதிவேட்டுப் பெட்டியிலேயே வைக்கட்டும்.

– ஒரு வாசகர், சென்னை