பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் குறுக்கோட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். திடலில் நல்ல கூட்டம். ஆனால் எல்லாரும் முடிவுக்கோட்டருகேதான் கைப்பேசியும் கையுமாக நின்றார்கள். பிள்ளைகள் ஓடியதோ செம்பனைக் காட்டுக்குள் போகும் லாரிச் சாலையில். அங்கே ஈ காக்கை இல்லை. திடலை விட்டுப் பாய்ந்து போன பிள்ளைகள், பழைய லயத்து வீடுகளைத் தாண்டியதும் வரும் மேட்டில் இடுப்பில் கைவைத்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மேட்டில் நாசி லெமாக் விற்கும் அக்கா ஒருவர் மட்டும் நின்றிருந்தார். "கங்காணி பேத்திதானே நீ? நடக்காத கண்ணு, இந்த மேடுதான், அப்புறம் இறக்கம்!" என்று குரல் கொடுத்தார். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது, புறங்கையால் மூக்கைத் துடைத்தது, ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னால் நடந்து வந்த இரண்டு பேரும் சேர்ந்து ஓடினார்கள்.

நான் அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு 6 நிமிட நடைச் சோதனை வைப்போம். நிமிடத்துக்கு ஒருமுறை, "நல்லா நடக்கிறீங்க, இன்னும் 4 நிமிஷம் இருக்கு" என்பதுபோல் எழுதிவைத்த வாக்கியத்தை ஒரே குரலில் சொல்ல வேண்டும். கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஏனென்றால், உற்சாகப்படுத்தினால் நோயாளிகள் அதே 6 நிமிடத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் கூடுதலாக நடப்பது 1984இலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. முன்னேற்றம் மருந்தால் வந்ததா, நம் குரலால் வந்ததா என்று குழம்பிவிடக்கூடாது அல்லவா? மூச்சு வாங்கும் நோயாளிக்கே இப்படியென்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு செய்யும்!

சத்தம் போட்டால் மட்டும் போதாது. முடிவுக்கோட்டருகே ஓர் அப்பா, "சோறு திங்கலையா நீ? முன்னால போறவளப் பாரு!" என்று கத்தினார். அந்தச் சிறுமி பாதையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினாள். எனக்கு வயிறு எரிந்தது. திட்டுவதை வீட்டிலும் வேண்டாம் என்பேன், திடலில் அறவே வேண்டாம்.

அடுத்து வட்டாரப் போட்டி வருகிறது. தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள்: ஓடும் பாதையை முதல் நாளே வாட்சப் குழுவில் போட்டுவிடுங்கள். எந்த வளைவில் யார் நிற்பது என்று நாங்களே பேசிக்கொள்வோம். மேட்டுக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்