படம் முடிந்தது, உங்கள் எல்லாருக்கும் நன்றி

எங்கள் படத்துக்கு நேற்று சென்சார் சான்றிதழ் வந்துவிட்டது. சின்னச் சின்னத் திருட்டில் பிழைக்கும் நாலு பேருடைய கதை. சென்னையில் பாரிமுனை முதல் காசிமேடு வரை, பெரும்பாலும் ராத்திரியில் எடுத்தோம். டைட்டிலில் உங்கள் பெயர் சில நொடியில் ஓடிவிடும். எனக்கு அது போதவில்லை.

காசிமேட்டில் மீன்பாடி வண்டி, அதாவது இன்ஜின் வைத்த மூன்று சக்கரச் சரக்கு வண்டி, ஓட்டும் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். கேமராவை வைத்து நகர்த்தும் டிராலியின் வாடகைக்கு எங்களிடம் காசில்லை. விடியற்காலை ஏலம் முடிந்ததும் கூடைகளை இறக்கி, பலகையைக் கழுவிவிட்டு, "இதுல ஏறிக்கோ தம்பி" என்றார். கேமரா குலுங்கியது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். நனைந்த சாக்கை நாலாக மடித்துப் போட்டார். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் அவர் மகனும் பின்னாலிருந்து தள்ளினார்கள். துரத்தல் காட்சி முழுக்க அப்படி எடுத்ததுதான்.

புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய்க்கு என்ன சொல்ல! திருட்டு பைக்கை அவர் கடை மாதிரி ஒரு கடையில் விற்பதாக எழுதியிருந்தேன். கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. ஒரு இன்ஜினைப் புரட்டி, அதில் குத்தியிருந்த நம்பரை விரலால் துடைத்துக் காட்டினார். "இதைப் பார்க்காம நான் எதையும் வாங்கறதில்ல. சினிமாவுல எங்களைத் திருடனாவே காட்டினா எப்படிப்பா?" அன்று ராத்திரியே காட்சியை மாற்றினேன். இப்போது கடைக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு அவர்களைத் திருப்பி அனுப்புகிறார். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

ராயபுரம் சந்தில் லைவ் சவுண்ட், நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்தோம். டேக் முடியும்வரை டிவி, மிக்சி எதுவும் ஓடவில்லை. ஆனால் 1856-லிருந்து ரயில் ஓடும் ஊரில் ரயிலை நிறுத்த முடியுமா? அடுத்த வண்டி எப்போது வரும் என்று மாடியிலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடைப் பாட்டி, பணம் போடுவதாகச் சொன்னவர் பாதியில் விலகிய பிறகும் எங்களுக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் கொடுத்தீர்கள். பாக்கியை வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். அம்மா, உன் சங்கிலியையும் மீட்டுவிடுவேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருப்பீர்கள் என்பதால் உங்களுக்காகப் படத்தைத் திரையிடுவதை அதற்குள் வைக்கிறோம். வண்டி அண்ணே, முன் வரிசை வேண்டாம், நடுவில் உட்காருங்கள். துரத்தல் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.