சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது என்று நம்பும் தம்பிகளுக்கு

கோலாலம்பூரில் பகலில் ஐடி வேலை பார்த்து, இரவில் 'சைட்' நடத்தும் தம்பிகளே,

வணக்கம். நான் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் ஏறி இறங்கும் ஒரு வழக்கறிஞர். ஒழுக்கப் பாடம் நடத்த இதை எழுதவில்லை. அதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். மெம்பர்கள் வீடியோ ஏற்றும் ஆபாசத் தளத்தையோ டெலிகிராம் குழுவையோ நடத்துகிறவர் மலேசியச் சட்டத்தின் முன் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக்கோடு நீங்கள் பேசும் சட்டம் எனக்கும் காதில் விழுந்திருக்கிறது. "நான் ஒண்ணும் போடலக்கா, மெம்பருங்கதான் போடுறாங்க. சர்வர் நெதர்லாந்துல இருக்கு. அமெரிக்காவுல 230-ன்னு ஒண்ணு இருக்கு, அதுல ஓனர்மேல கைவைக்க முடியாது."

230 உண்மைதான். 1996-இல் வந்த அமெரிக்கத் தகவல்தொடர்பு கண்ணியச் சட்டத்தின் அந்தப் பிரிவு, பிறர் போட்டதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது என்கிறது. ஆனால் அங்கேயே மத்தியக் குற்றவியல் சட்டத்தை அது தடுத்ததில்லை. 2018-இல் பாலியல் கடத்தல் தொடர்பான வழக்குகளுக்காக அதில் ஓட்டையும் போட்டார்கள். அதே ஆண்டு பேக்பேஜ் என்ற விளம்பரத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. அப்படிப்பட்ட கேடயத்தை ஜாலான் டூத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

நம் சட்டம் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு வெளியீட்டில் உரிமையாளர், ஹோஸ்ட், நிர்வாகி, ஆசிரியர் என்று யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ காணப்படுகிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். வெளியிட எந்த வகையிலாவது வசதி செய்து கொடுத்தவருக்கும் அதே கதிதான். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். புனைபெயர் என்ற சொல்லைச் சட்டமே சொல்லிவிட்டதால், அட்மின் பெயரை 'கிங்' என்றோ 'கோப்ரா' என்றோ வைத்துக்கொள்வதில் ஒரு பயனும் இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2020-இல் மலேசியாகினி செய்தித் தளத்தில் வாசகர்கள் நீதித்துறையைத் தாக்கி எழுதிய கருத்துகளுக்காக, அந்த நிறுவனம் கூட்டரசு நீதிமன்றத்தில் நின்றது. எழுதியது வாசகர்கள். போலிஸ் தொடர்புகொண்ட சில நிமிடங்களில் அவற்றை நீக்கியும் விட்டார்கள். ஆனாலும் 2021 பிப்ரவரியில் 5 லட்சம் ரிங்கிட் அபராதம். அந்தத் தீர்ப்பில் 114ஏ முக்கியப் பங்கு வகித்தது. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, ஆபாச வழக்கு இல்லை. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்ததும் இல்லை. ஆனால் ஆசிரியர் குழுவும் வழக்கறிஞர்களும் உள்ள ஒரு செய்தி நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், இரவு ஒரு மணிக்கு அரைத்தூக்கத்தில் 'அப்ரூவ்' அழுத்தும் உங்களுக்கு?

தண்டனைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் ஆபாசம் பரப்புவதற்கான, தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம், 2025 பிப்ரவரி முதல் 5 லட்சம். சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டு. ஆபாசப் பொருள் பற்றிய, தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு தனி. அதில் மூன்றாண்டு வரை. பெரியவர்கள் சம்மதித்து எடுத்த படத்துக்கும் இவை பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என்னைத் தூங்கவிடாத சட்டம் வேறு. 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் சிறார். படம் எடுத்தவருக்கு 30 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். பரப்பியவருக்கு 10 ஆண்டு வரை, பிரம்படியோடு. வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை. சிறார்போலத் தோன்றுகிறவரின் படமும் அந்த விளக்கத்துக்குள் வரும். உங்கள் தளத்தில் அதிகம் பார்க்கப்படுவது எது? 'லீக்' என்று தலைப்பிட்டு, முன்னாள் காதலன் ஏற்றிய 'நம்ம ஊரு பொண்ணு' வீடியோ. அவளுக்கு 19-ஆ 17-ஆ என்று எப்போதாவது விசாரித்தீர்களா? அவள் செந்தூலிலோ கிள்ளானிலோ படிக்கிற பெண்ணாக இருந்தால், தமிழ்ச் சமூகம் இவ்வளவு சிறியது என்பதால், சாயங்காலத்துக்குள் அவள் பெரியம்மா வீடுவரை அந்த லிங்க் போய்விடும். நீக்கச் சொல்லி அவள் அனுப்பிய செய்தி உங்கள் இன்பாக்ஸில் படிக்கப்படாமல் கிடக்கும். வழக்கு என்று வந்தால், படிக்கப்படாத அந்தச் செய்தியைத்தான் அரசுத் தரப்பு முதலில் காட்டும்.

பெரிய கம்பெனிகள் சமாளிக்கின்றனவே என்பீர்கள். 2020 டிசம்பரில் கார்டு கம்பெனிகளான விசாவும் மாஸ்டர்கார்டும் விலகியதும், பெரிய ஆபாசத் தளமான போர்ன்ஹப் சரிபார்க்கப்படாத கணக்குகளின் வீடியோக்களை ஒரே வீச்சில் லட்சக்கணக்கில் தூக்கியது. பல ஆண்டுகளாகப் பெண்கள் கெஞ்சியும் நடக்காததைக் கார்டு கம்பெனிகள் சில நாளில் சாதித்துவிட்டன. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2021 அக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்டு இப்படிப்பட்ட தளங்களிடம், ஏற்றுகிறவர், படத்தில் இருக்கிறவர் எல்லாருடைய வயதுக்கும் அடையாளத்துக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் கேட்கிறது. வெளியிடும் முன் பரிசோதிக்கவும் சொல்கிறது. உங்களால் முடியுமா? நண்பர்கள் இருவரும் ஒரு லேப்டாப்பும் சேர்ந்ததுதானே உங்கள் கம்பெனி.

ஆகவே மூடுங்கள். ஆனால் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓடாதீர்கள். குற்றத்தின் சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம், தண்டனைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. பார்வைக்கு எட்டாதபடி தளத்தை நிறுத்திவிட்டு, அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சிறார் படம் என்று சந்தேகம் வந்தால் 'இதைப் பாருடா' என்று பங்காளிக்கு அனுப்பாதீர்கள், அனுப்புவதும் பரப்புவதுதான்.

வழக்கறிஞரிடம் போகும்போது டொமைன் யார் பெயரில், வீட்டு இணைய லைன் யார் பெயரில் என்று எழுதி எடுத்துப் போங்கள். 114ஏ பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சந்தாதாரராகப் பதிவானவரையே வெளியிட்டவராக அனுமானிக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் அப்பாவின் பெயர். போலிஸ் கதவைத் தட்டுவதற்கு முன் அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் அக்கா
கோலாலம்பூர்