வான் பாஸ்டனின் கணுக்கால்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெதர்லாந்துக் கால்பந்து வீரர் மார்கோ வான் பாஸ்டன் பெயர் விளையாட்டுப் பக்கங்களில் வரும்போதெல்லாம் ஒரே கதைதான் அச்சாகிறது. தன் தலைமுறையின் தலைசிறந்த முன்கள வீரர். டிஃபெண்டர்கள் பின்னாலிருந்து பாய்ந்து காலை உடைத்தார்கள். 28 வயதோடு ஆட்டம் முடிந்தது. அதனால்தான் ஃபிஃபா விதியை மாற்றியது. இதில் வயது சரி. மற்றவை பாதி உண்மை. மூட்டுக் காயங்களோடு அன்றாடம் புழங்குகிற இயன்முறை மருத்துவர்களான எங்களுக்கு இது உறுத்துகிறது. இந்தக் கதையை நம்பும் பயிற்சியாளர் எதிரணி டிஃபெண்டரை முறைப்பார். தன் வீரரின் வீங்கிய காலைக் குனிந்து பார்க்க மாட்டார்.

1985-86 பருவத்தில் அயாக்ஸுக்காக 26 லீக் ஆட்டங்களில் 37 கோல் அடித்தவர் அவர். ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான அந்த ஆண்டின் தங்கக் காலணி விருதும் அவருக்குத்தான். கணுக்கால் சிக்கல் தொடங்கியது 1986 டிசம்பரில், குரோனிங்கன் அணியுடனான ஆட்டத்தில். அவரை யாரும் வெட்டவில்லை. பந்தைப் பறிக்க அவரே போட்ட டேக்கிளில் கால் மடங்கியது. பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் யோகான் கிரைஃபோடு ஓர் ஏற்பாடு: உள்ளூர் லீக்கில் சில ஆட்டங்களையும் பயிற்சியையும் விட்டுவிடலாம், ஐரோப்பியக் கப் வின்னர்ஸ் கோப்பை ஆட்டங்களுக்கு மட்டும் இறங்க வேண்டும். 1987 மே 13 அன்று ஏதென்ஸில் லைப்சிக்கின் லோகோமோட்டிவ் அணிக்கு எதிராக அவர் தலையால் முட்டிய ஒரே கோலில் கோப்பை அயாக்ஸுக்கு வந்தது. கோப்பைக்குக் கொடுத்த விலை உடனே தெரியவில்லை. அடுத்த பருவத்தில் இத்தாலியின் ஏசி மிலானுக்குப் போனார். கணுக்கால் அறுவை சிகிச்சையால் 11 லீக் ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது, 3 கோல்.

இது ஏன் உடனே தெரிவதில்லை? கணுக்கால் மூட்டில் மூன்று எலும்புகள். முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டின் கீழ்முனைகளும் சேர்ந்து, தச்சர் செதுக்கிய காடி மாதிரி ஒரு பள்ளத்தை அமைக்கின்றன. அதற்குள் டாலஸ் என்ற எலும்பு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. டாலஸின் தலையில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குத்தான் குருத்தெலும்பு இருக்கும். முழங்காலில் இருப்பதை ஒப்பிட்டால் இது மிகவும் மெல்லியது. அதில் ரத்தக்குழாய் இல்லை, ஆகவே கிழிந்தால் தானாக வளர்ந்து மூடாது. நரம்பும் இல்லை, ஆகவே கிழியும்போது வலிக்காது. வீரர் உணரும் வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டைச் சுற்றிய சவ்விலிருந்தும் வருவது. அந்த வலி வரும்போது குருத்தெலும்பு ஏற்கெனவே போயிருக்கும்.

சுளுக்கில் லிகமெண்ட் (எலும்பை எலும்போடு கட்டும் நார்) தொய்ந்துபோனால் இன்னொரு கேடு. டாலஸ் தன் காடியில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தால், எலும்போடு எலும்பு ஒட்டும் பரப்பு சுமார் 42 சதவீதம் குறைகிறது. 1976-இல் அளந்து காட்டிய கணக்கு இது. இன்றும் அறுவை மருத்துவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே எடை பாதிப் பரப்பில் இறங்கினால் அந்த இடம் தேயாமல் என்ன செய்யும்? முழங்கால் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் வயதால் வருகிறது. கணுக்கால் தேய்மானம் பெரும்பாலும் பழைய அடியால்தான் வருகிறது.

இத்தனைக்கும் நடுவில் வான் பாஸ்டன் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அவர் கால் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியிருக்காது. 1988 யூரோவில் 5 கோல், இறுதியாட்டத்தில் சோவியத் அணிக்கு எதிராக வலப்பக்கக் குறுங்கோணத்திலிருந்து, பந்து தரையைத் தொடுமுன் அடித்த அந்த வாலி உட்பட. 1988, 1989, 1992 என மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது. 1992 நவம்பர் 25 அன்று கோத்தன்பர்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். சாம்பியன்ஸ் லீக்கில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். அடுத்த மாதமே, டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸில் மறுபடி கணுக்கால் அறுவை.

இந்த வகை அறுவைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கால்பந்து வீரர்களின் கணுக்காலில் முன்பக்கம் எலும்பு முளைகள் வளரும். பாதத்தை மேலே தூக்கும்போது அவை இடிக்கும். அவற்றைச் செதுக்கி, பிய்ந்து மிதக்கும் குருத்தெலும்புத் துணுக்குகளையும் எடுத்துவிட்டால் அசைவு கூடும், வலி குறையும். மூட்டு இடைவெளி இன்னும் அகலமாக இருக்கிறவர்களுக்கு இது நல்ல பலன் தரும். இடைவெளி ஏற்கெனவே குறுகிவிட்ட மூட்டில் அதே வேலையைச் செய்தால் நிவாரணம் கொஞ்ச காலத்துக்குத்தான். முளை என்பது தேய்மானத்தின் அறிகுறி. அறிகுறியைச் செதுக்கி எடுப்பதால் தேய்மானம் நிற்காது. டாலஸில் பொத்தல் விழுந்திருந்தால் அந்த இடத்து எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் போட்டு ரத்தம் கசிய வைப்பார்கள். அங்கே வளர்வது பழைய வழவழப்பான குருத்தெலும்பு இல்லை, நாருள்ள ஒரு மாற்று. பொத்தலின் குறுக்களவு 15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பலன் பரவாயில்லை. அதற்கும் ஆறு வாரம் வரை காலை ஊன்றக் கூடாது, ஆட்டத்துக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

அவரோ அறுவைக்கு ஐந்து மாதங்களில், 1993 மே 26 அன்று, மியூனிக்கில் மார்செய் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இறங்கினார். மிலான் 1-0 எனத் தோற்றது. 86-ஆவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். அதுவே கடைசி அதிகாரபூர்வ ஆட்டம். அன்று மார்செய் டிஃபெண்டர் பாசில் போலி பின்னாலிருந்து போட்ட டேக்கிள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு இங்கிருந்து வந்தது. அந்த அடி வலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஆறரை ஆண்டுகளாகத் தேய்ந்துவந்த மூட்டு அது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் இன்னும் கொடுமை. மேலும் அறுவைகள்; பிறகு இலிசரோவ் சட்டம். காலைச் சுற்றி உலோக வளையங்கள், எலும்புக்குள் ஊடுருவும் கம்பிகள். மூட்டைப் பிரித்து ஓய்வு கொடுப்பதற்கான முறை இது: திருகுகளை நாளுக்குச் சிறிது சிறிதாகத் திருப்பி மூட்டை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விலக்கி வைப்பார்கள், சுமார் மூன்று மாதம் அப்படியே நடமாட வேண்டும். கம்பி நுழையும் துளை ஒவ்வொன்றையும் தினம் சுத்தம் செய்யாவிட்டால் சீழ் பிடிக்கும். சிலருக்கு வலி குறைகிறது. தொழில்முறை ஆட்டத்துக்கான மூட்டை அது திருப்பித் தராது. படுக்கையிலிருந்து கழிப்பறைக்குத் தவழ்ந்து போன இரவுகளைப் பற்றி வான் பாஸ்டனே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1995 ஆகஸ்டில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். யுவென்டஸ் ஆட்டத்துக்கு முன் மிலானின் சான் சிரோ மைதானத்தில் ஜாக்கெட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு கைதட்டியபடி சுற்றி ஓடினார்; பெஞ்சில் இருந்த மிலான் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ அழுதார். கடைசியில் வலியை நிறுத்தியது மூட்டை அசையாமல் இணைக்கும் அறுவைதான். மிச்சக் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு, பாதத்தைச் செங்கோணத்தில் வைத்து, இரண்டு மூன்று ஸ்குரூ போட்டு எலும்பை எலும்போடு ஒட்ட வைப்பார்கள். கணுக்கால் மேலும் கீழும் மடங்காது; அந்த வேலையை அதற்குக் கீழேயுள்ள மூட்டு ஏற்றுக்கொள்ளும், ஆண்டுகள் போனால் அதுவும் தேயக்கூடும். நடக்கலாம், கோல்ஃப் ஆடலாம்.

விதி விஷயம். எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்தான பின்பக்க டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்று 1998 உலகக் கோப்பைக்கு முன் கடுமையாக்கினார்கள். நல்ல விதி. பல கால்களைக் காப்பாற்றியிருக்கிறது. 1986 டிசம்பரில் அது இருந்திருந்தாலும் வான் பாஸ்டனுக்கு அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

ஒரே அடியில் முடிந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணி வீரர் பிரையன் கிளஃப் 1962 டிசம்பர் 26 அன்று பரி அணியின் கோல்கீப்பரோடு மோதியதில் அவரது முழங்கால் லிகமெண்ட் அறுந்தது. இன்று வழக்கமாகச் செய்யும் லிகமெண்ட் மறுசீரமைப்பு அன்றைக்கு இல்லை. 1996 ஏப்ரலில் ஓல்டு டிராஃபோர்டில் காவென்ட்ரியின் டேவிட் பஸ்டுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகள் இரண்டும் முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தன. அவரை முடித்ததில் முறிவைவிடப் பிறகு வந்த கிருமித்தொற்றுக்குப் பங்கு அதிகம். டாட்டனம் அணியின் லெட்லி கிங் வேறு வகை: முழங்காலில் குருத்தெலும்பு போனபின் வாரம் முழுதும் பயிற்சியை விட்டு ஆட்டத்துக்கு மட்டும் வந்தார், 2012-இல் 31 வயதில் நிறுத்தினார். வீக்கம் வடியும்வரை காத்திருக்கும் பொறுமை அந்த அணிக்கு இருந்ததால்தான் அவ்வளவு ஆண்டு ஓடியது என்பது எங்கள் கணிப்பு.

நம் மைதானங்களுக்கு வருவோம். கால் மடங்கி விழுந்தவருக்கு ஸ்பிரே அடித்து, டேப் சுற்றி உள்ளே அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஸ்பிரே தோலை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். டேப் இருபது முப்பது நிமிட ஓட்டத்தில் வியர்வையில் தளர்ந்துவிடும். ஊன்றி நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ, உள்பக்கமோ வெளிப்பக்கமோ கணுக்கால் மொட்டின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டருக்குள், விரலால் அழுத்தும்போது எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் உச்சியிலோ அழுத்தும்போது வலி இருந்தாலும் அப்படியே. எக்ஸ்ரே சுத்தமாக வந்தது என்பதற்காகக் குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அது எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. ஆறு வாரம் கழித்தும் ஆழத்தில் வலி, ஆடிய மறுநாள் காலையில் வீக்கம், நடுவில் எதோ சிக்கிக்கொள்வதுபோல் ஒரு பிடிப்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவை. இறுதியாட்டம் வருகிறது, ஓர் ஊசி போட்டுவிடலாம் என்பவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: மரத்துப்போகும் மருந்து எச்சரிக்கையை அணைக்கிறது, வீக்கத்தைக் குறைக்கும் கார்டிசோன் மருந்தை அடிக்கடி போட்டால் குருத்தெலும்பே நலிகிறது.

மீண்டும் இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியதற்குச் செலவே இல்லை. பாதத்தைச் சுவரை நோக்கி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியைச் சுவரில் தொட வைக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இரு கால்களுக்கும் வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூட்டு இன்னும் திறக்கவில்லை. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை 25 முறை தூக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரம் மற்றக் காலின் 90 சதவீதமாவது வேண்டும். தையல் டேப்பைக் கணுக்காலையும் பாதத்தையும் சுற்றி 8 வடிவில் போட்டு, பயிற்சிக்கு முன்பும் மறுநாள் காலையிலும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த வாரம் ஆட்டம் இல்லை. கோப்பையே ஆனாலும் இல்லை.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். 'கணுக்காலில் காயம், சில வாரம் ஓய்வு' என்று ஒரு வரியில் முடிக்காமல், லிகமெண்டா, எலும்பா, குருத்தெலும்பா, எந்த அறுவை, இது எத்தனையாவது என்று அணி மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். குருத்தெலும்பு என்று பதில் வந்தால், அதே மூட்டில் முன்பு எப்போது அடிபட்டது என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
மதுரை.