கையேட்டைப் பூட்டி வைத்திருக்கும் கீபோர்டு சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகளைச் சேகரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். கீபோர்டோடு வந்த கையேட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் நீங்கள். அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு காகிதத்தைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் உங்களில் சிலர் அட்டையை மட்டும் படம்பிடித்துப் போடுகிறீர்கள். உள்ளே ஒரு பக்கம் கேட்டால் பதிலே வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கீபோர்டுக்கு எதற்குக் கையேடு என்பது யுஎஸ்பி வந்த பிறகு பிறந்த கேள்வி. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த கீபோர்டுக்கும் 1984இல் அதே நிறுவனத்தின் பிசி ஏடி மாடலோடு வந்த கீபோர்டுக்கும் ஒரே 5 பின் (உலோகக் குச்சி) கொண்ட வட்ட பிளக்தான். ஒன்றின் சாக்கெட்டில் மற்றது கச்சிதமாக உட்காரும், வேலை மட்டும் செய்யாது. முதலாவதற்குத் தகவல் அனுப்ப மட்டுமே தெரியும். இரண்டாவது கம்ப்யூட்டர் சொல்வதையும் கேட்கும். விசைகளுக்கு அனுப்பும் குறியீடுகளும் வேறு. 'டி' விசையை அழுத்தினால் ஏடி கீபோர்டு பதினறும எண்ணில் 23 என்று அனுப்பும். பழைய பிசி கீபோர்டின் கணக்கில் 23 என்றால் 'எச்'. இதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரிகிறது என்றால், ஐபிஎம் தன் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் கையேட்டில் சர்க்யூட் படங்களிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் வரை அச்சிட்டு வெளியிட்டதும், அந்தப் பக்கங்கள் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்ததும்தான் காரணம்.

ஐபிஎம் கதை சுலபமானது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் எல்கே201 கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்ப்யூட்டரோடு இணைத்துப் பயன்படுத்தும் திரையான விடி220 டெர்மினலோடு வந்தது. பிளக்கைப் பார்த்தால் டெலிபோன் ரிசீவர் வயர் மாதிரி இருக்கும். அதற்கு வேண்டியது 12 வோல்ட், பேசும் வேகம் 4800 பாட் (நொடிக்கு 4800 பிட்). எந்தப் பின் எதற்கு என்று ஊகித்து வயரை மாட்டினால் சிப்பு போனது போனதுதான். சரியாக மாட்டினாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. எழுத்து விசைகள் அழுத்தும்போது மட்டும் குறியீடு அனுப்பும், விரலை எடுத்தால் ஒன்றும் வராது. கீபோர்டு பழுது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பழுதெல்லாம் இல்லை. அதன் விசைகள் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, எந்தப் பிரிவு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை டெர்மினல்தான் கட்டளை அனுப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டளைப் பட்டியல் கையேட்டில் இருக்கிறது, கீபோர்டின் மேல் எங்கும் எழுதியில்லை. இன்று பழைய கீபோர்டைப் புதுக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்வெர்ட்டர் போர்டுகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட பக்கங்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள். பக்கம் கிடைக்காத கீபோர்டு அலமாரியில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

"எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என் பிரதிக்கு மதிப்பு போய்விடும்" என்று நேரடியாகவே சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது விளங்கவில்லை. அசல் காகிதம் வேண்டும் என்பவர் பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கப் போவதில்லை. இருக்கிறது என்று தெரிந்தபின்தான் தேடவே ஆரம்பிப்பார். அதைவிட மோசமானவர்கள், பக்கத்துக்குப் பக்கம் தங்கள் பெயரைப் பெரிதாகக் குறுக்கே பதித்து விற்பவர்கள். அந்த எழுத்து சரியாகப் பின் எண்களின் மேல்தான் வந்து விழும். பதிப்புரிமை பற்றிய தயக்கம் நியாயமானது. உரிமையாளர் இன்னும் இயங்கினால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்க ஆளே இல்லாத நிறுவனத்துக்காகப் பயந்து பூட்டி வைப்பதில் யாருக்கு லாபம்?

ஸ்கேன் செய்ய முன்வருகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது, மங்கலாக அல்ல, பளிச்சென்று. கோப்பின் அளவைக் குறைக்க, ஒன்றுபோலத் தெரியும் வடிவங்களை ஒன்றாகவே எடுத்துக்கொண்ட சுருக்கமுறைதான் காரணம். குறியீட்டு அட்டவணையில் இது நடந்தால் என்ன ஆகும்? பழைய பிசி கீபோர்டில் 26 என்றால் 'எல்', 28 என்றால் மேற்கோள் குறி. படிப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆகவே 600 டிபிஐயில், இழப்பில்லாத முறையில் சேமியுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பின்னட்டையின் மூலையில் இருக்கும் பார்ட் எண்ணும் திருத்தத் தேதியும் விட்டுப்போகக் கூடாது. மடித்து வைத்த சர்க்யூட் படத்தை விரித்து எடுங்கள். நடுவில் செருகியிருக்கும் பிழைதிருத்தத் தாளைத் தனியாகத் தூக்கி வைத்துவிடாதீர்கள், பின் எண் தவறு என்று சொல்வது பெரும்பாலும் அதுதான். யாரோ ஒரு டெக்னீஷியன் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் அழிக்க வேண்டாம். "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று விட்டுவிடவும் வேண்டாம். திருத்தத் தேதி வேறானால் அது வேறு கையேடு.

எங்கே கொடுப்பது என்பது பிரச்சினையே இல்லை. பழைய கம்ப்யூட்டர் கையேடுகளைச் சேர்த்து வைக்கும் பிட்சேவர்ஸ் தளம் இருக்கிறது, இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. 2015இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பழைய கையேடுகள் விற்றுவந்த ஒரு கடை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு, இன்டர்நெட் ஆர்க்கைவின் ஜேசன் ஸ்காட் அழைப்பு விடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் வந்து நாள்கணக்கில் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கொடுத்தார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒரு சின்னக் கையேடு.

ஸ்கேனர் இல்லை என்றால் முழுப் புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்தப் பின் எதற்கு என்று காட்டும் பின் படம், குறியீட்டு அட்டவணை, அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சுகளை எப்படி வைப்பது என்ற பக்கம் ஆகிய மூன்றையும் பகல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து போனில் எடுத்து, கோப்பின் பெயரில் பார்ட் எண்ணைப் போட்டு ஏற்றிவிடுங்கள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பின் படம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒருவன்