கோலம் போட்ட வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“கேம் மூடினால் வேறொன்றில் விளையாட வேண்டியதுதானே” என்கிறான் என் மகன். செந்தூல் பிளாட்டில் பத்தாவது மாடியில் கோலம் போட வாசல் ஏது? ஆறு வருடமாக ஓர் இணைய உலகத்தில்தான் எனக்கு வாசலும் வேப்பமரமும் இருந்தன. தீபாவளிக்கு ஈப்போ, பினாங்கு தோழிகள் அங்கேதான் வருவார்கள். ஒரு மாத நோட்டீஸில் மூடிவிட்டார்கள். மரத்துக்குக் கொடுத்த 30 ரிங்கிட் போனால் போகட்டும். அங்கே பேசியதையும் எடுத்த படங்களையும் இறக்கிக்கொள்ளவாவது வழி விட்டிருக்கலாம். இதைச் சட்டமாக்கினால் என்ன?

2004-இல் ‘ஊரு’ என்ற இணைய உலகம் மூடப்பட்டது. (பெயர் தமிழில்லை, ஆனாலும் பொருத்தம்!) அதன் ஆட்டக்காரர்கள் தங்களை அகதிகள் என்றே சொல்லிக்கொண்டு ‘செகண்ட் லைஃப்’ போன்ற உலகங்களுக்குப் போய், பழைய இடங்களை அங்கே மறுபடி கட்டினார்கள்.

எங்கள் உலகம் மூடியதும் நாங்களும் பதினொரு பேர் வேறோர் இணைய உலகத்துக்குக் கிளம்பினோம், ஏழு பேர்தான் வந்து சேர்ந்தோம். புது இடத்தில் வேப்பமரம் கிடைக்காது, பைன்தான். கோலமாவும் இல்லை. வெள்ளைக் கூழாங்கல்லைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். முந்தாநாள் பினாங்குத் தோழி வந்து பார்த்துவிட்டு, “அக்கா, மூணாவது வரிசையில ஒரு புள்ளி குறையுது” என்றாள்.

இப்படிக்கு,
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்