வீட்டின் பின்னால் ஒரு ரூம் கட்டும் முன்: ஆற்றோர, கால்வாயோர வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்துக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "பையனுக்குக் கல்யாணம், மேல ஒரு போர்ஷன் எடுக்கணும்." "அம்மாவால மாடி ஏற முடியல, பின்னாடி காலி இடத்துல ஒரு ரூமும் பாத்ரூமும் போட்டுக் குடுங்க." அடுத்து, சதுர அடிக்கு என்ன ரேட் என்பார்கள். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று நாங்கள் திருப்பிக் கேட்டால், "ஒண்ணுமில்ல சார், ஒரு கால்வாய்தான்" என்று பதில் வரும். இந்த மடல் அந்தக் கால்வாயைப் பற்றியது.

மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றை ஒட்டி எங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய், ஓட்டேரி நல்லா, ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போகும் வீராங்கல் ஓடை, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரையிலும் இருக்கிறார்கள். இந்த இடங்களில் ஒரே ஒரு அறை கட்டுவதற்கான அனுமதிகூட, கே.கே.நகர் உள்தெருவில் வாங்குவதுபோல இருக்காது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 நீர்நிலையிலிருந்து 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 49 அடிக்குள் வரும் மனைகளைத் தனியாகப் பார்க்கிறது. அந்தத் தூரத்துக்குள் வந்தால், நீர்நிலையைக் காக்க வேண்டி அதிகாரி நிபந்தனை போடலாம். அனுமதியை மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அந்த 49 அடியை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சித்திரை வெயிலில் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி எழுபது அடி தள்ளி இருக்கு, நமக்குப் பிரச்சினை இல்ல" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று அரசாங்கம் பார்ப்பதில்லை. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் ஓடைக்கென்று தனி சர்வே எண்ணும் எல்லைக்கோடும் இருக்கும். அந்தக் கோட்டுக்குள் இன்றைக்குத் தண்ணீர் இருக்கலாம், கருவேலம் புதர் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் கார் ஷெட்டும் இருக்கலாம். எல்லாம் ஓடைப் புறம்போக்குதான். மேலே கான்கிரீட் ஸ்லாப் போட்டு மூடி, அதன் மேல் பைக் நிறுத்தும் வாய்க்காலும் பதிவேட்டில் இன்னும் வாய்க்கால்தான்.

எனவே பிளான் வரைவதற்கு முன்பே எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம், டவுன் சர்வே பதிவேட்டின் நகல், பக்கத்துச் சர்வே எண்ணின் 'அ' பதிவேட்டு விவரம் மூன்றையும் கேட்கிறோம். மூன்றாவது எதற்கு என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். உங்கள் நிலம் உங்கள் பேரில்தான் இருக்கிறது, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பக்கத்து எண் என்ன வகை என்றுதான் தெரிய வேண்டும். ஓடை, வாய்க்கால், குட்டை, ஏரி உள்வாய் என்று அதில் எழுதியிருக்கும் ஒரு சொல் உங்கள் படுக்கையறையின் நீள அகலத்தையே மாற்றிவிடும்.

அண்மையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். பெயரும் தெருவும் வேண்டாம். பத்திரத்தில் மனையின் நீளம் 60 அடி, பின்பக்கம் காம்பவுண்டுச் சுவர், அதற்கப்பால் கால்வாய். மூட்டுவலி உள்ள அம்மாவுக்குப் பின்புறம் ஒரு அறை வேண்டும் என்றார்கள். உரிமம் பெற்ற சர்வேயர் தெருமுனையில் இருந்த பழைய எல்லைக்கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்தார். ஓடைப் புறம்போக்கின் கோடு சுவருக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து, துணி துவைக்கும் கல்லுக்கு நேராக விழுந்தது. அவர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். தென்னை மரமும் செப்டிக் டேங்கில் பாதியும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறோம், வரி கட்டுகிறோம், கரன்ட் பில் இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். எல்லாம் உண்மைதான். ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது பட்டாவாக மாறாது. இந்த விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் பல முறை கறாராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அனுமதிக்குப் போகும்போது பத்திர அளவு, பட்டா அளவு, நேரில் அளந்த அளவு மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ.), சுற்றிலும் விட வேண்டிய காலி இடமான செட்பேக் எல்லாக் கணக்கும் சுருங்கியது. பின்பக்க அறை என்ற பேச்சையே விட்டுவிட்டோம். தரைத்தளத்தில் மகன் இருந்த முன்னறையை அம்மாவுக்குக் கொடுத்து, ஸ்டோர் ரூமை பாத்ரூமாக மாற்றி, மகனுக்கு மாடியில் அறை எடுத்தோம். முதலில் நினைத்ததைவிடச் செலவு கூடத்தான் ஆயிற்று. ஆனால் அம்மாவின் கட்டில் இப்போது தெருப்பக்க ஜன்னல் ஓரம் இருக்கிறது. கொல்லைப்புறத்து அறையைவிட இதுவே அவருக்குப் பிடித்துப் போயிற்று என்று மருமகள் சொன்னார்.

நீரோரத்தில் எங்கள் பொதுவான யோசனையும் அதுதான்: பக்கவாட்டில் போகாதீர்கள், முடிந்தால் மேலே போங்கள். மேலே போவதற்கும் நிபந்தனை உண்டு. பழைய அப்ரூவல் பிளான் வேண்டும். அஸ்திவாரமும் பில்லரும் இன்னொரு மாடியைத் தாங்கும் என்று பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் சான்று தர வேண்டும். ஆற்று மண்ணில் நிற்கும் பழைய வீடுகளுக்கு, ஒரு ஓரத்தில் குழி தோண்டி ஃபூட்டிங்கைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை.

கோட்டூர்புரம், அடையாறு, பட்டினப்பாக்கம் பக்கமும், ஓ.எம்.ஆரை ஒட்டிய பக்கிங்காம் கால்வாயோரமும் இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் சேர்கிறது. கடல் ஓதம் ஏறி இறங்கும் நீர்வழிகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு பொருந்தும். ஓதம் எதுவரை வருகிறது என்பதை, கோடையில் நீரின் உப்புத்தன்மையை அளந்து முடிவு செய்கிறார்கள். ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை எல்லை. 2011 அறிவிப்பின்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அந்த நீர்வழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அந்தத் தூரம் வரை இந்தக் கட்டுப்பாடு. 2019 அறிவிப்பு அந்த 100-ஐ 50 ஆக்கியது. கால்வாயின் அகலம் 30 மீட்டர் என்றால் இரண்டு கணக்கிலும் 30 மீட்டர்தான். ஆற்று முகத்துவாரம் போல அகலமான இடத்தில்தான் 100-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மாநிலத்தின் புதிய கடலோர வரைபடம் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்ற பிறகுதான் 2019-இன் தளர்வுகள் நடைமுறைக்கு வரும். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் செல்லும் என்பதையே முதலில் பார்க்கிறோம். தேவைப்பட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தில் உங்கள் மனையை அந்த வரைபடத்தின் மேல் பொருத்தி வாங்க வேண்டியிருக்கும்.

சொந்தக் குடியிருப்புக்கு ஒரு சலுகை உண்டு. 2019 அறிவிப்பில், மொத்தம் 300 சதுர மீட்டர் வரையுள்ள சொந்த வீட்டுக்கு மாநிலக் கடலோர மண்டல ஆணையத்தின் பரிந்துரை வேண்டாம், உள்ளாட்சி அமைப்பே விதிகளைப் பார்த்து அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் பழைய வீட்டையும் சேர்த்துத்தான் அந்த 300. புது அறையை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

பள்ளிக்கரணைப் பக்கம் நிலைமை தனி. சதுப்புநிலத்தில் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதன் தாக்க மண்டலத்தை அறிவியல் முறையில் வரையறுத்து முடிக்கும் வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்றது. வேளச்சேரி, பெருங்குடி, மடிப்பாக்கம் பக்கத்தில் ஒரு மாடி எடுக்க நினைத்த சாதாரணக் குடும்பங்களும் இதில் மாட்டிக்கொண்டன. அவர்கள் வருத்தம் நியாயமானது. பெரிய அடுக்குமாடிக்கும் ஒரு பெட்ரூமுக்கும் ஒரே கயிறா என்று எங்களுக்கும் தோன்றியதுண்டு. ஆனால் 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்களும் அதே தெருக்காரர்கள்தான் என்பதையும் மறக்க முடியவில்லை. இந்தப் பகுதிக்கு விண்ணப்பம் போடுமுன், அன்றைய தேதியில் உத்தரவு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வோம். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெள்ளம் பற்றி இன்னும் ஒன்று. நீர்நிலையை ஒட்டிய மனைகளுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படலாம். அதில் கடல் மட்டத்தைக் கணக்கிட்டு, உங்கள் தரைமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். சிலர் அதைக் காரணம் காட்டி, கொல்லை முழுவதும் லாரி லாரியாக மண்ணடித்து நிரப்பிவிடுகிறார்கள். அடுத்த மழையில் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், அதற்கடுத்த வாரம் புகார் மாநகராட்சிக்குப் போகும். நாங்கள் கட்டடத்தின் பேஸ்மென்டைத்தான் உயர்த்துவோம். கொல்லை, தண்ணீர் ஓடிப்போகும் தாழ்வான இடமாகவே இருக்கட்டும். மனைக்குப் போகும் வழியில் கால்வாயின் மேல் சிறுபாலம் தேவைப்பட்டால், அதற்கு அந்தத் துறையிடம் தனி அனுமதி.

களஆய்வுக்கு வருகிறவர் பின்பக்கச் சுவருக்குப் போய், கால்வாயை நோக்கி ஏதாவது பி.வி.சி. பைப் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பல பழைய வீடுகளில் இருக்கும். வாஷிங் மெஷின் தண்ணீர்தான் என்று சமாதானம் சொல்லிப் பயனில்லை. 15 மீட்டர் விதியின் நோக்கமே நீர் மாசுபடாமல் தடுப்பதுதான். அந்தப் பைப்பை எடுத்துவிட்டு, குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் இணைப்பு உள்ள தெருவில் அதில் சேர்த்த பிறகே விண்ணப்பிப்போம். மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் 2003-லிருந்தே கட்டாயம். மணல் அடைத்துக் கிடக்கும் பழைய தொட்டி கணக்கில் வராது.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, உள்தெரு வீடுகளுக்கு நாங்களே சொல்கிறோம். ஆனால் நிலத்தைப் பற்றிய உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். அது தவறென்று பின்னால் தெரிந்தால் அனுமதி போய்விடும், சுவர் மட்டும் நிற்கும். கால்வாயோர வீட்டுக்கு இந்தக் குறுக்கு வழியை நாங்கள் எடுப்பதில்லை.

"முதல்ல கட்டிடலாம், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்ற யோசனையை மேஸ்திரியிலிருந்து மாமனார் வரை எல்லோரும் தருவார்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கானது. இன்றைக்குப் போடும் சென்ட்ரிங்குக்கு அது உதவாது. உங்களைத் தேடி வரப்போவது அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ்தான். அதற்கப்புறம் வேலை நிறுத்தம், சீல். வீட்டுக்கடன் கேட்டால் வங்கியும் அனுமதி பெற்ற பிளானைத்தான் முதலில் கேட்கும்.

ஆகவே எங்கள் நடைமுறை இனி இப்படி. நீர்நிலைக்கு அருகில் உள்ள வீடென்றால் முதலில் ஆவணம் பார்ப்பதற்கும் சர்வேக்கும் மட்டும் கட்டணம் வாங்குவோம். கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்து, அனுமதியும் கைக்கு வந்த பிறகே கட்டுமானத்துக்கான முன்பணம். அனுமதி கிடைக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. கட்ட முடியாது என்று தெரிந்தால் அதை எழுத்திலேயே கொடுத்துவிடுவோம், அண்ணன் தம்பிக்குள் பேசி முடிவெடுக்க உதவும்.

அலுவலகத்துக்கு வரும்போது பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, பழைய பிளானின் நீலப் பிரதி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பிளான் கிடைக்கவில்லை என்றால் கட்டிய வருஷமாவது தெரிந்திருக்கட்டும். பின்பக்கச் சுவருக்கு வெளியே கால்வாயோடு சேர்த்து இரண்டு மூன்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், சர்வேயரை எந்தப் பக்கத்திலிருந்து அளக்கச் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
நிர்வாகப் பொறியாளரும் அலுவலகத்தாரும்
ஈக்காட்டுத்தாங்கல், சென்னை